துடைத்து வைத்த போன்

போனை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் சொல்வது ஒரு பொய். "கீழ விழவே இல்லண்ணே, மேசை மேல சும்மா வெச்சிருந்தேன், தானா உடைஞ்சிருச்சு." அடுத்ததாகச் சொல்வது பூட்டு எண். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிடக் கூடாதாம். போனையே முழுசாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்பது யாருக்கும் தோன்றாது.

இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு போனை வாங்கி வைப்பவனுக்கு அந்தக் கடைத்தெருவில் பூதக்கண்ணாடி என்று பெயர். வயது முப்பத்தாறு. பட்டை வைத்த உருப்பெருக்கி ஒன்று எப்போதும் அவன் தலையில் இருக்கும். வேலையின்போது கண்ணுக்கு இறங்கும், சாப்பிடும்போது நெற்றிக்கு ஏறும். பெயர் வைத்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர், கடை முதலாளி. "எங்க மச்சானுக்கு ஆண்டவன் கொடுத்த ரெண்டு கண்ணு பத்தல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கிழக்கே ஆரம்பித்த பேச்சை மேற்கே கொண்டுபோய் முடிக்கக்கூடிய மனிதர். கடையில் பாதி வியாபாரம் அவர் வாயால் நடக்கிறது, பாதி இவன் விரலால்.

உண்மையில் அவன் எதையும் பார்ப்பதில்லை. புதுத் திரையைப் பொருத்தி போனை உயிர்ப்பித்ததும் வந்து கொட்டும் செய்திகள், படங்கள், தேடிப் பார்த்த சங்கதிகள் எல்லாவற்றிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் அன்றைக்கே மறந்துவிடுவான். பதினாலு வருடத்தில் அவனுக்குத் தெரிந்துபோனது ஒன்றுதான்: ஆளைக்கூட நம்பலாம், போனை நம்ப முடியாது. வாயைத் திறந்துகொண்டே பிறந்த சாமான் அது.

அதனால் தன் சொந்தப் போனிடம் அவன் முக்கியமான எதையும் கேட்டதில்லை. திறந்து பார்த்தால் துறவியின் போன் என்று தோன்றும். வானிலை, பஸ் நேரம், எந்த மாடலுக்கு எந்தத் திருகாணி என்ற பட்டியல், அவ்வளவுதான்.

அவனுடைய கேள்விகளுக்கு வேறு போன்கள் இருந்தன. கடையில் பழைய போன்களை வாங்கிச் சரிசெய்து விற்பார்கள். விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பேட்டரி நிற்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, எழுத்துப் பலகையில் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். எழுத்தைச் சோதிக்க எதையாவது தட்டியாக வேண்டும். மாமா "வணக்கம் வணக்கம் வணக்கம்" என்று தட்டுவார். பூதக்கண்ணாடி தன் கேள்விகளைத் தட்டுவான். சாயங்காலம் போனைத் துடைத்துப் பிறந்த குழந்தையாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவான்.

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்பது அவனுக்கு இருபது வயதிலேயே தெரியும். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காததுபோலவே, அதனோடு வரும் உடம்புக் கேள்விகளைக் கேட்கவும் ஆள் கிடைக்கவில்லை. குடும்ப டாக்டர் மாமாவோடு சீட்டாடுகிறவர். ஆகவே சாம்பல் நிறப் போன் ஒன்றிடம், வாய் வழியாக நோய் வருமா என்று கேட்டான். மூலை நசுங்கிய ஒன்றிடம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும் என்று கேட்டான். தங்க நிறத்தில் வந்த ஒன்றிடம், ஆணுறைக்கு வழவழப்புக்கு எந்தக் களிம்பு ஆகும், எது ஆகாது என்று கேட்டான். எண்ணெயில் செய்தது ஆகாது, தண்ணீரில் செய்தது ஆகும் என்றது. அந்தப் போனை மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாக வாங்கிப் போனார்கள்.

பதில்கள் கலந்துகட்டி வரும். பாதித் தளங்கள் "உங்கள் துணைவியாரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று ஆரம்பிக்கும். ஒன்று சூரணம் விற்கும். இன்னொன்று நாற்பது நாளில் ஆசையையே மாற்றித் தருவதாகச் சத்தியம் செய்யும். நல்ல பதில் எப்போதாவது மாட்டும். ஆனால் மாட்டிய அன்றே அந்தப் போன் விற்றுப்போகும். பக்கத்தைக் கிழித்து ஆளுக்கொன்றாய்க் கொடுத்துவிட்ட புத்தகம்போல அவனுக்குத் தெரிந்தவை எல்லாம் துண்டு துண்டாக ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தன.

சொந்தப் போன் விஷயத்தில் ஒரே விலக்கு, மாடிப்படி என்று ஒருவர். நூலகத்தில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது. ஆண்கள் ஆண்களைச் சந்திக்கும் செயலியில் முகத்துக்குப் பதில் ஒரு மாடிப்படியின் படத்தைப் போட்டிருந்தார். பழகி எட்டு மாதம் ஆன பிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவரோடு பேசுவது மட்டும் சொந்தப் போனில், படித்ததும் தானாக அழிந்துபோகும் செய்திகளாக. இருவரும் ஜாக்கிரதைக்காரர்கள். அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு மாடிப்படியின் அறையில் ஆணுறை கிழிந்தது. "பயப்படாத, போன வருஷம் டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணுமில்ல" என்றார் அவர். இவனும் சரியென்று பஸ் ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாடிப்படியிடமிருந்து செய்தி வந்தது.

"எனக்கு முன்னாடி பழக்கமான ஒருத்தர் கூப்பிட்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு வந்திருக்காம். எனக்கும் இருக்கலாம். நாளைக்கு டெஸ்ட். நீயும் உடனே என்னன்னு பாரு. மன்னிச்சிரு."

படித்து முடித்த கொஞ்ச நேரத்தில் செய்தி மறைந்தது. திரை காலியானது.

அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தது ஒரு நீலப் போன். பூதக்கண்ணாடி உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். அதை இறக்கிவிட்டால் மாமா பேச்சுக் கொடுக்க மாட்டார். போனைக் குனிந்து பிடித்துக்கொண்டு, நடந்ததை அப்படியே தட்டினான்.

இந்தத் தடவை நல்ல பதிலே முதலில் மாட்டியது. இப்படி நேர்ந்துவிட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட்டால் நோய் தொற்றாமல் தடுக்க நிறைய வாய்ப்பு உண்டு. கெடு தாண்டிவிட்டால் பிரயோஜனம் இல்லை. ஞாயிறு நாலு மணியிலிருந்து விரல் விட்டு எண்ணினான். புதன் நாலு மணி. அதே பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது: "பேச வேண்டுமா? பெயர் தேவையில்லை."

அழுத்தினான்.

"வணக்கம். பேர், நம்பர் எதுவும் கொடுக்க விருப்பமா?"

"இல்லை."

"சரி, பரவாயில்ல. ஆணோடவா, பெண்ணோடவா?"

இப்படி ஒரு கேள்வியை, டீயா காப்பியா என்பதுபோல, தன் மொழியில் யாரும் கேட்டு அவன் பார்த்ததில்லை. பதில் தட்ட ஒரு நிமிடம் ஆனது. "ஆணோட."

"சரி. எப்போ?"

அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. எந்த விதமான உறவு, யார் எந்தப் பக்கம், கிழிந்தது எப்போது தெரிந்தது. முன்பின் தெரியாதவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் ஆலோசகர் எழுதினார்: "உங்களுக்கு மாத்திரை தேவைதான். டைம் இருக்கு, பதற வேணாம். பெரிய ஆஸ்பத்திரியில ஸ்டாக் தீர்ந்துபோச்சுன்னு காலையிலதான் சொன்னாங்க. வேற எங்க இருக்குன்னு விசாரிச்சு இதே இடத்துல எழுதறேன். எல்லா இடத்திலயும் கேட்கணும், சாயங்காலம் ஆகலாம். இந்தப் போனைக் கையில வெச்சிருங்க."

நீலப் போனைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தான். அரை மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தான். நடுவில் இரண்டு பேட்டரி மாற்றினான், ஒரு சார்ஜ் துளையிலிருந்து பஞ்சு எடுத்தான். மாலை ஆறு மணிக்கு மறுபடி எடுத்தபோது மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா ஒரு ஜாதகம் வெச்சிருக்கா. பொண்ணு ஸ்கூல்ல வேலை பாக்குது."

"மாமா, வேணாம்."

"பாக்காமலே வேணாங்கற. மூணாவது கண்ணு எதுக்குடா வெச்சிருக்க?"

"அது சின்னச் சாமானைப் பாக்கறதுக்கு மாமா."

"முப்பத்தாறு ஆச்சு. உன் வயசுல எனக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்தாச்சு, தெரியுமில்ல?"

"உங்க வேகம் எனக்கு வராது மாமா."

மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தது இவனுக்கும் சிரிப்பாக வந்தது. காலையிலிருந்து அப்போதுதான் உடம்பு கொஞ்சம் இளகியது. அந்த இளக்கத்தில்தான் காரியம் கெட்டது. மணி ஆறு, கையில் சோதித்து முடித்த போன், எதிரில் பேச்சு. பதினாலு வருடமாகக் கட்டைவிரலுக்குப் பழகிய பாதை அது. கண் மாமா முகத்தில் இருக்க, விரல் தன் பாட்டுக்கு அமைப்புகளுக்குள் போனது, கீழே இறங்கியது, "எல்லாவற்றையும் அழிக்கவா?" என்று போன் கேட்டதற்கு ஆம் என்றது, "நிச்சயமாகவா?" என்றதற்கும் ஆம் என்றது.

போன் அதிர்ந்தபோதுதான் குனிந்து பார்த்தான். கறுப்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வேலை தெரிந்தவனுக்கு ஒரு தண்டனை உண்டு. மற்றவர்களாவது யாராவது மீட்டுத் தருவார்கள் என்று ஓடுவார்கள். இவனிடம்தான் ஓடுவார்கள். "துடைச்சது துடைச்சதுதாங்க" என்று எத்தனை பேரை அனுப்பியிருப்பான். நீலப் போன் எழுந்து ஏழெட்டு மொழிகளில் மாறி மாறி வணக்கம் சொன்னது. ஆலோசகர் பதில் எழுதியிருந்தாரா, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் அதற்குத் தெரியாது.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்க? ஜாதகத்துக்கா இவ்வளவு பயம்?" என்றார் மாமா.

வேறொரு போனில் அதே பக்கத்தைத் தேடிப் பிடித்தான். "ஆலோசனை நேரம் முடிந்தது. காலை ஒன்பது மணிக்கு வாருங்கள்" என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடை மேசையில் உட்கார்ந்திருந்தான். பொத்தானை அழுத்தியதும் "உங்களுக்கு முன்னால் பதினொரு பேர் இருக்கிறார்கள்" என்று வந்தது. இத்தனை பேரா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, இத்தனை பேரா என்று வேறு மாதிரி தோன்றியது. பதினொன்று, ஒன்பது, ஆறு என்று இறங்கி அவன் முறை வந்தபோது ஒன்பதரை. வந்தவர் வேறு ஆள்.

"நேத்துப் பேசினது உங்க பேர்லயோ நம்பர்லயோ இருந்தா எடுத்துடலாம்."

"ரெண்டும் கொடுக்கலை."

"அப்போ அந்தப் போன்லதான் இருக்கும். அதைத் திறந்து பாருங்க."

"அழிச்சிட்டேன்."

"சரி. உங்க ரகசியத்தை நாங்க நல்லாத்தான் காப்பாத்தியிருக்கோம், எங்களுக்கே தெரியாம" என்று எழுதிவிட்டு, கூடவே இன்னொரு வரி: "எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேட்டா நேரம் போகும். நேத்துப் பேசினவங்க இங்கதான் இருக்காங்க. ஒரு நம்பர் கொடுங்க, அவங்களே உடனே கூப்பிடுவாங்க. உங்க சொந்த நம்பரா இருந்தா நல்லது. இருபத்தெட்டு நாள் மாத்திரை, நடுவுல ஏதாவதுன்னா உங்களைப் பிடிக்க முடியணும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஞாயிறு நாலு மணியிலிருந்து நாற்பத்தொன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. கடையில் துடைத்த போன்கள் பத்து இருந்தன, எதிலும் நம்பர் கிடையாது. நம்பர் உள்ள போன் ஒன்றே ஒன்றுதான். அதன் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினான். எத்தனையோ பேர் அவனிடம் பூட்டு எண்ணைக் குரல் தாழ்த்திச் சொன்னதுபோல, அவன் விரலும் மெதுவாகத்தான் தட்டியது.

அனுப்பிய பிறகுதான் அடுத்த வில்லங்கம் நினைவுக்கு வந்தது. அவன் போனில் காது வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் செத்து நாலு மாதம். சத்தமாக அலறும் ஸ்பீக்கர்தான் வேலை செய்யும். ஊரிலுள்ள போனுக்கெல்லாம் காது வைக்கிறவன் தன் போனை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தான். இப்போது திறந்து மாற்ற உட்கார்ந்தால் அழைப்பு வரும்போது போன் அணைந்து கிடக்கும். அதற்குள் போன் அடித்தது. மாமா மூன்றடி தூரத்தில் ஒரு வாடிக்கையாளரின் போன் திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி எட்டிக் கொக்கியில் தொங்கிய புது இயர்போன் அட்டையைப் பிடுங்கிப் பல்லால் கிழித்தான்.

"டேய் டேய், அது விக்கற சரக்குடா!"

"தெரியும் மாமா!"

ஒரு காதில் மாட்டிக்கொண்டே பின்பக்கச் சந்துக்கு ஓடினான்.

"நேத்து ராத்திரி வரைக்கும் பார்த்துட்டு இருந்தேன், நீங்க படிக்கவே இல்லையே தம்பி" என்றது ஒரு பெண் குரல். ரயில் நிலைய அறிவிப்புபோலக் கணீரென்று இருந்தது. "பயந்து ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஓடலீங்க. கை தவறிடுச்சு."

"சரி, கேட்டுக்கங்க. ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருக்கில்ல? முன்வாசல்ல போகாதீங்க, அங்க வரிசை. பின்வாசல், எட்டாம் நம்பர் ரூம். மாத்திரை இருக்கு, நான் பேசி வெச்சிட்டேன். இப்பவே கிளம்புங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"எதையாவது சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்துல குமட்டும்."

மாமாவிடம் "ஒரு வேலை, வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். உருப்பெருக்கி தலையிலேயே இருந்தது. பஸ்ஸில் ஒரு குழந்தை உற்றுப் பார்த்த பிறகுதான் கழற்றிப் பையில் போட்டான்.

எட்டாம் நம்பர் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு நர்ஸ். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். இருபது நிமிடத்தில் பதில் சொன்னார்.

"இதுல இல்லைன்னு வந்திருக்கு. ஆனா இது பழைய கதை, ஞாயித்துக்கிழமைக் கதையை இது இன்னும் சொல்லாது. மாத்திரையை முடிச்சிட்டு ஒரு தடவை, மூணு மாசத்துல ஒரு தடவை, திரும்ப வந்து பார்க்கணும். நெட்ல என்னென்ன படிச்சீங்க?"

"நிறைய."

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் படிச்சிட்டுச் செத்தே போயிட்டோம்னு முடிவு பண்ணிட்டுத்தான் வருவாங்க. மீதிப் பேர் பூண்டு சாப்பிட்டிருப்பாங்க. நீங்க எந்தக் கட்சி?"

"நான் ஒழுங்கா வந்த கட்சிங்க" என்றான். சிரிக்க முடிந்தது.

பதினொன்று இருபதுக்கு முதல் மாத்திரை. பெரிய மாத்திரை, இரண்டு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. தினமும் இதே நேரத்துக்கு ஞாபகச் செய்தி அனுப்பலாமா என்று நர்ஸ் கேட்டார். அனுப்பச் சொன்னான். மாத்திரைப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, செத்துப்போன ஸ்பீக்கர் உள்ள அந்தப் போன் மறுபடி அடித்தது. மாடிப்படி. இயர்போனைச் செருகினான்.

அவருக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"லேப் வாசல்ல. எனக்கும் இருக்குன்னுதான் வந்திருக்கு. இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணணும்னு சொன்னாங்க. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. உனக்கு நான் ஏதாவது பண்ணிட்டேனான்னுதான்..."

நேற்றுப் பத்து மணியிலிருந்து இந்த மனிதர்மேல் கோபப்பட நேரமே கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தேடிப் பார்த்தான். கொஞ்சம் இருந்தது. இன்றைக்கு அதற்கு வேலையில்லை.

"நான் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. டைமுக்குள்ளதான். நீங்க நேத்தே சொன்னதாலதான் முடிஞ்சுது. இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

மாடிப்படி மூக்கை உறிஞ்சினார்.

"இங்க கேளுங்க. உங்களுக்கும் மாத்திரை இருக்கு. தினமும் ஒண்ணு. ஒழுங்கா சாப்பிட்டா ரத்தத்துல அது இருக்கற தடமே தெரியாம அடங்கிடுமாம். அப்புறம் யாருக்கும் தொத்தாதாம். நான் இருக்கற ஆஸ்பத்திரிக்குள்ள ஒட்டியிருக்காங்க, நானே படிச்சேன். நர்ஸும் நல்லாப் பேசறாங்க. கிளம்பி வாங்க."

"எனக்கு இப்ப எங்கயும் போகத் தெம்பில்லப்பா. வழியும் தெரியாது."

"உங்களுக்கு வழி தெரிய வேணாம். போனுக்குத் தெரிஞ்சா போதும்."

தான் இருக்கும் இடத்தை அவருக்கு அனுப்பினான். எட்டு மாதத்தில் முதல் தடவை, அழிந்துபோகாத செய்தியாக. சற்றுப் பொறுத்து அவருடைய இடம் இவனுக்கு வந்தது. நகரின் அந்தக் கோடியில் ஒரு புள்ளி. வெகு நேரம் அது அசையவே இல்லை. பிறகு பஸ் தடத்தில் ஏறி நகர ஆரம்பித்தது.

பன்னிரண்டரைக்கு மாமா கூப்பிட்டார்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. எனக்குக் கண்ணாடி ஒட்டத்தான் தெரியும், ஆபரேஷன் பண்ணத் தெரியாது."

"ஆஸ்பத்திரியில இருக்கேன் மாமா."

சீட்டுக் கட்டைக் கீழே வைத்ததுபோல மாமாவின் குரல் இறங்கியது. "என்னாச்சுடா? அடிகிடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் இல்ல. ஒரு மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டுட்டேன்."

"அக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன். சாயங்காலம் ரெண்டு பேர்கிட்டயும் உட்கார்ந்து சொல்றேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. திரும்ப வாங்க முடியாது. வாங்கவும் தோன்றவில்லை.

"சரி, வா" என்றார் மாமா. "இப்ப வர்றியா?"

"இல்ல மாமா. ஒருத்தர் வர்றார். அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டுத்தான் வருவேன்."

"யாருடா அது?"

"அதையும் சாயங்காலம் சொல்றேன்."

மாமாவிடம் பேச்சு தீர்ந்துபோவது அபூர்வம். "இந்த மூணு பேரையும் நாளைக்கு வரச் சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

திரையில் புள்ளி ரயில் கேட்டை எட்டி நின்றிருந்தது. கேட் மூடியிருக்கும் போலிருக்கிறது. பூதக்கண்ணாடி எழுந்து, முன்வாசல் வரிசையில் அவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்வாசலுக்கு வெளியே தெருவோரம் தெரிகிற மாதிரி போய் நின்றுகொண்டான்.